மாணவர் போர்ட்ஃபோலியோவை வேலைக்கு எடுப்பவர்கள் திறந்து பார்க்கிறார்களா?

#1 பொருநைவாத்தி

எல்லாருக்கும் வணக்கம். தெற்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வரும் செமஸ்டரிலிருந்து இரண்டாமாண்டு முதல் எல்லா மாணவர்களும் மின் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் இணையப் பக்கம்) வைத்திருக்க வேண்டும், அதற்கு இன்டர்னல் மார்க்கும் உண்டு என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் பதவி, கேட்காமலே என் தலையில்.

நிர்வாகம் கொடுத்த பட்டியல் இது: புகைப்படம், தந்தை பெயர், தொழில், பத்தாவதிலிருந்து இன்றுவரை எடுத்த மார்க், குறைந்தது 12 புராஜெக்ட், சான்றிதழ்கள், ஆங்கிலத்தில் இரண்டு நிமிட அறிமுக வீடியோ, ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ‘என்ன கற்றேன், எங்கே தடுமாறினேன்’ என்று ஒரு பக்கக் கற்றல் குறிப்பு. எல்லாம் கல்லூரி மின்னஞ்சல் கணக்கில், கூகுள் சைட்ஸில், ஒரே அச்சில். பிளேஸ்மென்டுக்கு வரும் கம்பெனிகளுக்கு லிங்க் போகும்.

கூட்டத்தில் ஒரு ஸ்லைடு காட்டினார்கள். அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் 2013 இல் வெளியிட்ட கருத்தாய்வில், ஆள் எடுப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் ‘போர்ட்ஃபோலியோ இருந்தால் பயன்படும்’ என்றிருக்கிறார்கள். அமெரிக்கா இருக்கட்டும். இங்கே ஆள் எடுக்கும் நீங்கள் அந்த லிங்கைத் திறக்கிறீர்களா? திறந்தால் எதைப் பார்க்கிறீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள். சில நூறு பிள்ளைகளின் நேரம் இதில் போகப்போகிறது.

#2 ஓஎம்ஆர்_எச்ஆர்

மழுப்பாமல் சொல்கிறேன் சார்: திறப்பதில்லை.

நான் இருப்பது பெரிய சர்வீஸ் கம்பெனி. கல்லூரியிலிருந்து எங்களுக்கு வருவது ஒரு எக்செல் ஷீட். முதல் வடிகட்டல்: பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா, நிற்கும் அரியர் இருக்கிறதா. அடுத்தது ஆன்லைன் தேர்வு. அதில் தேறியவர்கள்தான் இன்டர்வியூவுக்கு. இந்த இரண்டு கட்டத்திலும் மனிதக் கண் எந்த லிங்கிலும் படாது. ஷீட்டில் ‘போர்ட்ஃபோலியோ’ என்று ஒரு பத்தி இருக்கும், அதை ஹைட் செய்துவிட்டுத்தான் வேலை பார்ப்போம். ஒரு நாளில் ஆயிரம் பேருக்கு மேல் ஓடும் டிரைவில் வேறு வழியில்லை.

சான்றிதழ்களும் அப்படியே. மார்க் ஷீட் டிஜிலாக்கரில் கிடைக்கிறது. மற்றதை ஆஃபர் கொடுத்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்.

அந்த 2013 கருத்தாய்வு பற்றி ஒரு வார்த்தை. ‘பயன்படுமா’ என்று கேட்டால் நானும் பயன்படும் என்றுதான் டிக் அடிப்பேன். ‘போன வாரம் எத்தனை திறந்தாய்’ என்று கேட்டிருந்தால் ஸ்லைடு வேறு மாதிரி வந்திருக்கும்.

#3 கோவை_கோடர்

எச்ஆர் மேடம் சொல்றது பெரிய கம்பெனிக்குச் சரிங்க. நாங்க சின்ன புராடக்ட் கம்பெனி. வருஷத்துக்கு நாலஞ்சு ஃப்ரெஷர் எடுப்போம். நான் ஒவ்வொண்ணையும் திறந்து பார்க்கிறேன். அதனால எனக்குச் சொல்ல நிறைய இருக்கு, பொறுத்துக்கங்க.

பத்துல ஏழு லிங்க் ஒரே மாதிரி. நெட்ஃபிளிக்ஸ் குளோன் (அதே மாதிரி நகல்), டைட்டானிக்ல யார் பிழைச்சாங்கன்னு கணிக்கிறது, வீட்டு விலை கணிக்கிறது, முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடறது. தமிழ்நாடு அரசோட திறன் பயிற்சியான ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 இல் வந்ததுக்கு அப்புறம் அந்தப் பாடத்துக்குச் செஞ்ச புராஜெக்ட்டும் கிட்ஹப்ல (கோடு ஏத்தி வைக்கிற இணையதளம்) வரிசையா நிக்குது. தேடிப் பாருங்க, ஒரே தலைப்பு, வேற வேற கல்லூரி. திட்டத்தைக் குறை சொல்லலைங்க. பயிற்சிக்குக் கொடுத்த கணக்கை ‘என் படைப்பு’ன்னு மேல ஒட்டுறதுதான் சிக்கல்.

நான் முதல்ல பார்க்கிறது ரீட்மீ (புராஜெக்ட்டோட அறிமுகக் குறிப்பு) இல்லை, கமிட் வரலாறு, அதாவது கோடை எப்ப எப்ப எப்படி மாத்தினாங்கங்கிற பதிவு. நாப்பது ஃபைல், ஒரே கமிட், கூடவே ‘ஆட் ஃபைல்ஸ் வயா அப்லோட்’னு கிட்ஹப் தானா போடற வாசகம். அப்படின்னா எங்கிருந்தோ ஜிப் இறக்கி ஏத்திருக்காங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஃபைனல் இயர் புராஜெக்ட்டை ரெடிமேடா விக்கிறது ஊரறிஞ்ச விஷயம்.

இன்னொண்ணு, பச்சைக் கட்டம். தினமும் கமிட் பண்ணினா கிட்ஹப் பக்கத்துல கட்டம் பச்சையாகும். அதை நம்பி ஆள் எடுக்காதீங்க. கமிட்டோட தேதியை யார் வேணும்னாலும் பின்தேதியிட்டுப் போடலாம், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். தொடர்ந்து இத்தனை நாள்னு காட்டிக்கிட்டிருந்த எண்ணிக்கையை 2016 இல் கிட்ஹப்பே எடுத்துட்டாங்க. 2020 அக்டோபர்ல, ஓப்பன் சோர்ஸுக்குப் (எல்லாருக்கும் திறந்த கோடு) பங்களிச்சா டி-ஷர்ட் தர்ற ஹாக்டோபர்ஃபெஸ்ட்ல, அந்த டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுக்க ஓப்பன் சோர்ஸ் ஆளுங்க மேல குப்பைத் திருத்தமா வந்து விழுந்துச்சு. கடைசியில விருப்பப்பட்ட ரெப்போ (ஒரு புராஜெக்ட்டோட கோடு இருக்கிற இடம்) மட்டும் சேர்ந்தா போதும்னு நடுவுலயே விதியை மாத்தினாங்க. 2024 இல் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ்ங்கிற ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் ரெப்போவுல நம்ம நாட்டுப் பசங்க வரிசையா வந்து ரீட்மீயில பேரை மட்டும் சேர்க்கச் சொல்லித் திருத்தம் அனுப்பினாங்க. யூடியூப் வகுப்புல அப்படிக் காட்டிக் கொடுத்திருந்தாங்க, பசங்க மேல தப்பில்லை. ஆனா ‘பங்களிச்சா வேலை கிடைக்கும்’னு சொல்லி மார்க்கும் போட்டா இதுதான் நடக்கும். 12 புராஜெக்ட் கட்டாயம்னா உங்க காலேஜ்லயும் இதுதான் நடக்கும் சார்.

சரி, எது எனக்குப் பிடிச்சது? போன முறை எடுத்த பொண்ணு சோமனூர்ப் பக்கம். அப்பாவுக்கு விசைத்தறி. அந்தக் கூலிக் கணக்கைப் போட ஒரு வெப் பேஜ் எழுதியிருந்துச்சு. பார்க்க அசிங்கமா இருக்கும், கலர் கூட ஒழுங்கில்லை. ஆனா கமிட்டைப் படிச்சா ஒரு கதை ஓடுது. ஒரு பாவு (தறியில ஏத்தின நூல்) ஓடிக்கிட்டிருக்கும்போது நடுவுல கூலி உயர்ந்தா என்ன ஆகும்? முதல்ல எழுதின கணக்கு மொத்த மீட்டருக்கும் புதுக் கூலியைப் போட்டிருச்சு. அப்பா சொல்லித்தான் தெரிஞ்சிருக்கு. அப்புறம் கூலியைத் தேதியோட தனி டேபிளா பிரிச்சு, பழைய மீட்டருக்குப் பழைய ரேட்டுன்னு திருத்தியிருக்கு. எங்க பில்லிங் சாஃப்ட்வேர்ல அதே பிரச்சினைக்கு நாங்க ஒரு வாரம் மண்டையை உடைச்சிருக்கோம். இன்டர்வியூவுல அதைப் பத்தி மட்டும்தான் பேசினோம்.

#4 ஆறாம்செம்

அண்ணா வணக்கம். நான் தேர்ட் இயர். நீங்க ‘ஆட் ஃபைல்ஸ் வயா அப்லோட்’னு இருந்தா ஜிப் இறக்கி ஏத்தினதுன்னு சொல்றீங்க. என்னோடது எல்லாமே அப்படித்தான் இருக்கு, எல்லாமே நானே எழுதினது.

என்கிட்ட லேப்டாப் இல்லை. காலேஜ் லேப்ல கிட் (கமிட் பண்ற சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்ண பர்மிஷன் இல்லை. லேப் நாலரைக்கு மூடிருவாங்க. பென்டிரைவ்ல எடுத்துட்டு வந்து, ஹாஸ்டல்ல ஃப்ரெண்டு லேப்டாப்ல முடிச்சு, மொத்தமா பிரவுசர் வழியா ஏத்துவேன். எங்க செட்ல பாதிப் பேர் இப்படித்தான். எங்க சித்தப்பா பையனுக்கு பிளஸ் டூ முடிச்சப்போ கவர்மென்ட் லேப்டாப் கிடைச்சுது, நாங்க வர்றதுக்குள்ள அது நின்னுபோச்சு.

அப்ப எங்களை எல்லாம் ஃபிராடுன்னு முடிவு பண்ணிருவீங்களா?

#5 ஓஎம்ஆர்_எச்ஆர்

இந்தத் தம்பி கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. கோவை சார் பதில் சொல்லட்டும்.

#6 கோவை_கோடர்

தம்பி, ஃபிராடுன்னு முடிவு பண்ண மாட்டேன், ஆனா லிங்கைத் திறக்கிற எல்லாரும் உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்கன்னு உத்தரவாதம் கிடையாது. அதனால உனக்கு வழி சொல்றேன்.

கிட்ஹப் பக்கத்துல ரெப்போவைத் திறந்து கீபோர்டுல புள்ளி விசையை அமுக்கு. பிரவுசருக்குள்ளயே எடிட்டர் வரும், இன்ஸ்டால் எதுவும் வேண்டாம், அங்கிருந்தே துண்டு துண்டா கமிட் பண்ணலாம். 2021 இலிருந்து இருக்கு. ஓட்டிப் பார்க்கணும்னா கிட்ஹப்போட கோட்ஸ்பேசஸ். தனிநபர் கணக்குக்கு மாசம் 60 மணி நேரம் சின்ன மெஷின் இலவசம். லேப் கம்ப்யூட்டர்ல பிரவுசர் இருந்தா போதும். ரீட்மீயில ஒரு வரி போடு: ‘லேபில் எழுதியது, கிட் வசதி இல்லாததால் மொத்தமாக ஏற்றப்பட்டது.’ நான் படிச்சா நம்புவேன்.

ஆசிரியர் சார், இது உங்க காதுக்கும்தான். லேப்ல கிட் போட்டுக் கொடுங்க. வீடியோவைவிட அது முக்கியம்.

#7 பொருநைவாத்தி

லேபில் கிட் விஷயத்தை நாளைக்கே எடுத்துப் பேசுகிறேன். லேப்டாப் பற்றித் தம்பி சொன்னது எங்கள் கல்லூரிக்கும் அப்படியே பொருந்தும். 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் இடையில் நின்றது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தார்கள். கையில் கருவி இல்லாதவனிடம் போர்ட்ஃபோலியோ கேட்டு மார்க் குறைப்பது அநியாயம்தான்.

மற்றத் துறையினர் யாராவது இருக்கிறீர்களா? எங்களிடம் மெக்கானிக்கலும் இருக்கிறது.

#8 புராஜெக்ட்_உலகம்_24

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. ஃபைனல் இயர் புராஜெக்ட் விற்பனை விளம்பரங்களுக்கு இங்கே இடமில்லை. இழையைப் படிக்காமலே வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். – மட்டுறுத்துநர்]

#9 செங்கல்சுண்ணாம்பு

மதுரையில் ஆர்க்கிடெக்ட். எங்கள் தொழிலில் இந்தக் கேள்வியே எழாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே டிராயிங்கைச் சுருட்டி, குழாயில் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறியவர்கள் நாங்கள். இன்று அது பிடிஎஃப். ரெஸ்யூமை நான் படிப்பதே இல்லை, போர்ட்ஃபோலியோவைப் பார்த்துப் பிடித்தால்தான் பெயரையே பார்ப்பேன். மார்க்கும் கேட்பதில்லை.

ஏன் எங்களுக்கு இது வேலை செய்கிறது என்று யோசித்தால், எங்கள் வேலை தாளிலேயே தெரிகிறது. சுவர்க் கனம் காட்டியிருக்கிறானா, படிக்கட்டில் தலை இடிக்குமா, கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது. ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சாஃப்ட்வேரில் அந்த வசதி குறைவு போலிருக்கிறது.

ஆனால் எங்களிடமும் சீரழிவு உண்டு. இப்போது வரும் போர்ட்ஃபோலியோக்களில் லூமியன் மென்பொருளில் செய்த, நிஜம் போலத் தெரியும் ரெண்டர் படங்களாகத்தான் இருக்கும். அந்திவானம், நனைந்த தரை, பறக்கும் பறவைகள். ஒரு ஜன்னல் டீடெய்ல் இருக்காது. என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: உன் கையால் போட்ட ஒரு வொர்க்கிங் டிராயிங் வை, சைட்டில் நின்று எடுத்த நாலு போட்டோ வை, 25 பக்கத்தைத் தாண்டாதே, மெயிலில் ஏறும் அளவுக்கு ஃபைலைச் சுருக்கு.

இரண்டு விஷயம் உங்கள் சுற்றறிக்கையில் கட்டாயம் சேருங்கள். ஒன்று, குழுவாகச் செய்த வேலையில் ‘இதில் நான் செய்தது இது’ என்று எழுத வேண்டும். ஒரே மாடலை ஐந்து பேர் தனித்தனியாகத் தன்னுடையது என்று எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஐவரும் ஒரே வகுப்பு. இரண்டு, டிரெய்னிங் போன ஆபீஸின் டிராயிங்கை அனுமதி இல்லாமல் வெளியே போடக்கூடாது. ஒரு பையன் வாடிக்கையாளர் பெயரும் தெருவும் தெரியும்படி முழு வீட்டுப் பிளானையும் இணையத்தில் போட்டிருந்தான். எந்த அறையில் லாக்கர் என்பது வரை அதில் இருந்தது.

#10 ஸ்பேனர்_சுப்பு

குழு வேலை பற்றி மேலே அண்ணன் சொன்னது மெக்கானிக்கலுக்கு நூறு மடங்கு பொருந்தும். பாஹா எஸ்ஏஇ போட்டிக்கு வண்டி கட்டுவார்கள், டீமில் இருபது இருபத்தைந்து பேர். ஒவ்வொரு ரெஸ்யூமிலும் ‘சஸ்பென்ஷன் டிசைன் செய்தேன்’. ஒரே வண்டிக்கு எத்தனை சஸ்பென்ஷன்!

ஓசூரில் டிரெய்னி எடுக்கும்போது நான் கேட்பது, செய்ததில் எது உடைந்தது, ஏன் உடைந்தது. வெல்டு விட்டுப்போன சஸ்பென்ஷன் ஆர்ம் ஒன்றின் போட்டோ வைத்திருந்த பையனை உடனே எடுத்தேன். பளபளப்பான 3டி படம் வைத்திருந்தவனுக்கு அந்த பார்ட்டை எந்த மெஷினில் செய்வது என்று தெரியவில்லை. டூல் உள்ளேயே போகாத இடத்தில் பாக்கெட் (குழி) வெட்டியிருந்தான்.

#11 மழைநாட்டு_டொக்டர்

யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கிலாந்தில வேலை செய்யிறன். இஞ்ச டொக்டர்மாருக்கு மின் போர்ட்ஃபோலியோ இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்க ஏலாது. பயிற்சியில இருக்கிற ஒவ்வொருத்தரும் வருசா வருசம் ஏஆர்சிபி எண்ட மதிப்பாய்வுக்கு அதைத்தான் காட்ட வேணும். அதால உங்கட பட்டியலில ஒரு விசயம் என்னை உறுத்துது: ‘எங்கே தடுமாறினேன்’ எண்ட கற்றல் குறிப்பு.

எங்களுக்கும் அது கட்டாயம். நடந்த ஒரு சம்பவத்தை எழுதி, எதைச் சரியாய்ச் செய்யேல்லை, அடுத்த முறை என்ன செய்வன் எண்டு எழுத வேணும். நல்ல பழக்கம்தான். ஆனால் பாவா-கார்பா வழக்கு பற்றிக் கேள்விப்பட்டிருப்பியள். 2011 இல லெஸ்டரில ஒரு ஆறு வயசுப் பிள்ளை இறந்ததுக்கு, சிகிச்சை அளித்த பயிற்சி டொக்டருக்கு 2015 இல குற்றத்தீர்ப்பு வந்தது. 2018 சனவரியில உயர் நீதிமன்றம் அவரைப் பதிவேட்டில இருந்து நீக்கச் சொன்னது. ஓகஸ்டில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாத்தினது. அந்த நேரம், அவர் போர்ட்ஃபோலியோவில எழுதினதையே அவருக்கு எதிராய்ப் பாவிச்சவை எண்டு ஒரு கதை பரவினது. உண்மையில அது நீதிமன்றத்தில சான்றாய் வைக்கப்படேல்லை எண்டு அவருக்காக நிண்ட மருத்துவப் பாதுகாப்பு அமைப்பு பிறகு விளக்கினது. ஆனால் பயம் பரவீட்டுது. எத்தனையோ பேர் தங்கட குறிப்புகளைப் பட்டும் படாமலும் எழுதத் தொடங்கிச்சினம். ‘தொடர்பாடல் முக்கியம் எண்டு கற்றுக்கொண்டன்’ மாதிரி, ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாத வசனங்கள்.

ஒரு பயத்துக்கே இந்த நிலை எண்டால், வேலை குடுக்கிறவன் வாசிப்பான் எண்டு தெரிஞ்சும் உங்கட பிள்ளையள் ‘டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எனக்கு விளங்கேல்லை’ எண்டு எழுதுவினமோ? எழுத மாட்டினம். எழுதினால் அது அவைக்கே நட்டம். படிக்கிறதுக்கு எழுதிற புத்தகமும் வேலைக்குக் காட்டிற புத்தகமும் ஒண்டாய் இருக்க ஏலாது.

இன்னொண்டு. இஞ்ச சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கேக்க தணிக்கை (சிகிச்சை முறைப்படி நடக்குதோ எண்டு சரிபார்க்கிறது), கற்பித்தல், ஆய்வுக் கட்டுரை எண்டு தலைப்புக்குத் தலைப்பு புள்ளி இருக்கு. நாங்களே புள்ளி போட்டு ஆதாரமும் ஏத்த வேணும். அதால ஒருத்தருக்கும் பயன்படாத தணிக்கை எத்தனை நடக்குது எண்டு வார்டில நிண்டு பார்த்தால் தெரியும். உங்கட 12 புராஜெக்டைப் பார்க்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

#12 பொருநைவாத்தி

டொக்டர் சொன்னதை இரண்டு முறை படித்தேன். மூன்று செமஸ்டராக ஒரு பாடத்தில் சோதனை முயற்சியாகக் கற்றல் குறிப்பு எழுத வைக்கிறேன். வகுப்புக்குள் மட்டும் இருந்தபோது ஒரு மாணவி, ‘ரிகர்ஷன் புரிந்த மாதிரி தலையாட்டினேன், இன்னும் புரியவில்லை’ என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்து மறுபடி அந்தப் பாடத்தை எடுத்தேன். இதே குறிப்பு கம்பெனிக்குப் போகும் பக்கத்தில் இருந்தால் அவள் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டாள். எனக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கற்றல் குறிப்பைத் தனியாகப் பிரிக்கச் சொல்லி எழுதப்போகிறேன். மாணவரும் பாட ஆசிரியரும் மட்டும் பார்ப்பதாக.

#13 பெயரெழுத்து

எல்லாரும் புராஜெக்டைப் பற்றியே பேசுகிறீர்கள். பட்டியலின் முதல் வரியைக் கவனித்தீர்களா? புகைப்படம். தந்தை பெயர், தொழில். பிறகு ஆங்கிலத்தில் பேசும் வீடியோ. வேலைக்கு எடுப்பவர் புரோகிராமைப் பார்ப்பதற்கு முன்பே நிறம், ஊர், வீட்டு நிலைமை, கான்வென்டா அரசுப் பள்ளியா என்று எல்லாம் தெரிந்துவிடும்.

இது கற்பனைப் பயமில்லை. 2007 இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் ஓர் ஆய்வு வந்தது. நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரைவிடத் தலித் பெயருக்கு அழைப்பு குறைவு, முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு. தமிழ்நாட்டில் சாதிப் பெயரை விட்டு இனிஷியல் போடுகிறோம் என்று பெருமைப்படுகிறோம். அந்த இனிஷியலை விரித்து, தந்தையின் தொழிலையும் சேர்த்து நாமே எதற்குத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும்?

மென்பொருளை வைத்து வடிகட்டினால் பாரபட்சம் போய்விடும் என்றும் யாராவது வருவார்கள். அமேசான் உருவாக்கிய ரெஸ்யூம் மதிப்பிடும் கருவியின் கதை 2018 இல் ராய்ட்டர்ஸில் வந்தது. பழைய பத்தாண்டு விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ‘பெண்கள்’ என்ற சொல் வந்த ரெஸ்யூம்களுக்கு மதிப்பைக் குறைத்தது. கடைசியில் கைவிட்டார்கள்.

#14 ஓஎம்ஆர்_எச்ஆர்

பெயரெழுத்து சொல்வதை மறுக்க மாட்டேன். வீடியோவில் நான் பார்த்தது, அழகாகப் பேசுபவர்களுக்குப் பேனல் கொஞ்சம் இளகிவிடுகிறது. வாடிக்கையாளரோடு பேச வேண்டிய வேலைதானே என்பார்கள். அதை நேரில் பேசிப் பார்த்துக்கொள்ளலாம். முன்கூட்டியே வீடியோ தேவையில்லை.

போர்ட்ஃபோலியோ எங்களுக்கு எந்த இடத்தில் உதவும் என்றால், கடைசிக் கட்டத்தில். இன்டர்வியூ எடுப்பவர் டெக்னிக்கல் ஆள். ரெஸ்யூம் அவர் கைக்கு வருவதே அந்த நேரத்தில்தான். பிள்ளை எதிரே உட்கார்ந்த பிறகு என்ன கேட்பது என்று தேடுவார். அப்போது ரெஸ்யூமில் ஒரு புராஜெக்ட் பெயரும் என்ன செய்தேன் என்று இரண்டு வரியும் இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார், மீதி இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயத்தில் பேச்சு நடந்தால் அவனுக்கு நல்லதுதானே. வடிகட்ட உதவாது, பேச்சைத் தொடங்க உதவும்.

#15 கோவை_கோடர்

மேடம் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுக்கு அப்புறம் ரீட்மீ எல்லாம் ஒரே குரல்ல பேசுது. ராக்கெட் படம், டிக் படம், ‘முக்கிய அம்சங்கள்’. கோடும் அப்படித்தான், சுத்தமா இருக்கும். நானும் தினம் அதை வெச்சுத்தான் வேலை பார்க்கிறேன், அதனால பயன்படுத்தினதைத் தப்புன்னு சொல்ல வாயில்லை.

இப்ப நாங்க செய்யறது இதுதான். அவங்க புராஜெக்ட்டையே திறந்து, அரைமணி நேரத்துல ஒரு சின்ன மாத்தம் கேட்போம். தறிக் கணக்குப் பொண்ணுகிட்ட, ‘ஒரே தறியில ரெண்டு ஷிஃப்ட், ரெண்டு ஆளு, கூலியை எப்படிப் பிரிப்பே’ன்னு கேட்டோம். ஏஐ கிட்ட கேட்டுக்கம்மான்னும் சொன்னோம். அது குடுத்த பதில்ல ஷிஃப்ட் ராத்திரி 12 மணி தாண்டினா தேதி மாறிடும்னு அந்தப் பொண்ணே கண்டுபிடிச்சு நிறுத்துச்சு. விலைக்கு வாங்கின புராஜெக்ட்னா ரெண்டாவது நிமிஷமே எந்த ஃபைல்ல கை வைக்கணும்னு தெரியாது.

#16 ஸ்பேனர்_சுப்பு

லிங்க் செத்துப்போவதை யாரும் சொல்லவில்லையே. புரோகிராமை இணையத்தில் ஓட்டிக் காட்ட உதவும் ஹெரோக்கு, தன் இலவச சேவையை 2022 நவம்பர் 28 இல் நிறுத்தியபோது எங்கள் வீட்டுப் பெண் ரெஸ்யூமில் போட்டிருந்த டெமோ எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. அதே மாதம் அவளுக்கு இன்டர்வியூ.

கல்லூரி மின்னஞ்சல் கணக்கில் கூகுள் சைட்ஸ் என்று முதல் பதிவில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை மூடினால்? முதல் வேலைக்குப் போய் இரண்டு வருடத்தில் மாறும்போதுதான் நிறையப் பேருக்கு இது தேவைப்படும். அப்போது அந்தப் பக்கமே இருக்காது. பிள்ளையின் சொந்தக் கணக்கில் இருக்கட்டும்.

#17 ஆறாம்செம்

ஹெரோக்கு மாதிரியே ரெண்டர்னு ஒரு தளம், அதுல இலவசமா போட்டா 15 நிமிஷம் யாரும் வரலைன்னா தூங்கிடுதுண்ணா. எச்ஆர் திறந்தா ஒரு நிமிஷம் வெறும் சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்குள்ள மூடிட்டுப் போயிருவாங்க.

இன்னொரு டவுட். நான் ஏற்கெனவே ஏழு குளோன் போட்டு வெச்சிருக்கேன். எல்லாத்தையும் அழிச்சிரட்டா?

#18 கோவை_கோடர்

அழிக்காதே, பிரைவேட்டா மாத்து. கத்துக்கிட்டதுதானே, உனக்குத் தேவைப்படும். புரொஃபைல்ல ஆறு ரெப்போ வரைக்கும் பின் பண்ணலாம். ஆறையும் நிரப்பணும்னு சட்டமில்லை, ரெண்டு போதும். அப்புறம் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (வேற சர்வீஸைப் பயன்படுத்துற ரகசியச் சாவி) எதையாவது கோடுக்குள்ள விட்டிருக்கியான்னு பாரு. பசங்க ரெப்போவுல நான் அடிக்கடி பார்க்கிறது, இந்த ரகசியமெல்லாம் இருக்கிற ‘டாட் என்வி’ ஃபைல் அப்படியே கிடக்கிறது. இப்ப அழிச்சாலும் பழைய கமிட்ல இருக்கும், அந்தக் கீயையே மாத்திடு.

உன் ஹாஸ்டல்ல மெஸ் பில் எப்படிப் போடறாங்க?

#19 ஆறாம்செம்

நோட்டுலதாண்ணா. லீவு போட்ட நாளுக்குக் கழிக்கிறதுல மாசா மாசம் சண்டை. மூணு நாளுக்கு மேல போனாத்தான் கழிப்பாங்க, அதுவும் முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கணும். ஞாயித்துக்கிழமை கணக்கு தனி. ஓ… சரி சரி, புரியுது!

#20 பொருநைவாத்தி

கமிட்டி கூட்டம் முடிந்தது. இங்கே பேசியதை இரண்டு பக்கமாக எழுதிக் கொடுத்திருந்தேன். புகைப்படம், மார்க், தந்தை பெயர், தொழில் எல்லாம் வெளியே தெரியும் பக்கத்திலிருந்து போயிற்று. 12 புராஜெக்ட் இரண்டாகிவிட்டது. அதில் ஒன்று வகுப்பில் கொடுத்ததாக இருக்கக்கூடாது, குழு வேலையென்றால் யார் எதைச் செய்தார் என்று எழுத வேண்டும். கற்றல் குறிப்பு வகுப்புக்குள். கணக்கு மாணவருடைய சொந்தக் கணக்கு. லேபில் கிட் போட சிஸ்டம் அட்மின் ஒத்துக்கொண்டார், மாலை ஆறரை வரை லேப் திறந்திருக்க ஆள் போடுவது பற்றி முடிவு வரவில்லை.

இன்டர்னல் மார்க்கை எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. மார்க் இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள் என்கிறார் முதல்வர். அதில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஐந்து மார்க்காகக் குறைத்ததோடு சரி. வீடியோவையும் செயலாளர் விடவே மாட்டேன் என்றார். பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறதாம். தமிழிலும் பேசலாம் என்று ஒரு வரியைச் சேர்க்க மட்டும் முடிந்தது.

#21 ஆறாம்செம்

தமிழ்ல பேசி வீடியோ போட்டா கம்பெனிக்காரங்க பார்ப்பாங்களா மேடம்?

#22 ஓஎம்ஆர்_எச்ஆர்

பேனலில் பெங்களூர், ஹைதராபாத் ஆட்களும் இருப்பார்கள் தம்பி, அவர்களுக்குப் புரியாது. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடவிடு. முகத்தைக் காட்டிச் சுயபுராணம் வேண்டாம், ஸ்க்ரீனை ரெக்கார்டு செய்து மெஸ் பில் கணக்கு ஓடுவதைக் காட்டு. லீவு போட்டவனுக்கு எப்படிக் கழிகிறது என்பதிலிருந்தே ஆரம்பி, முன்னுரை வேண்டாம். அப்படிச் செய்தால் உன் சர்வர் தூங்கினாலும் கவலையில்லை. ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாதே.